உலகின் உயரமான கூம்புமரமும் உயரமான பூமரமும்: ரெட்வுட், ரெக்னன்ஸ் ஒப்பீடு

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 2

பரிணாமத்தில் பூக்கும் தாவரங்கள்தான் கடைசியாக வந்தவை, மேம்பட்டவை என்று படித்திருக்கிறேன். பைன் போலக் கூம்புகளில் விதை தரும் கூம்புமரங்களுக்குப் பூ இல்லை, கனி இல்லை, தண்ணீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாய்கூட இல்லை. அப்படியிருக்க உலகின் மிக உயரமான மரம் ஏன் ஒரு கூம்புமரம்? பூக்கும் தாவரங்களில் அதற்கு ஈடான மரமே கிடையாதா?

ஜூன் 2, இரவு

இருக்கிறது. இரண்டு பெரும் கூட்டங்களை மோதவிடுவதை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு ஒரு மரமாக எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். கூம்புமரங்களின் பக்கம் கலிஃபோர்னியக் கடலோரத்து ரெட்வுட். அறிவியல் பெயர் செக்கோயா செம்பர்வைரன்ஸ். பூக்கும் தாவரங்களின் பக்கம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் வளரும் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். அங்கே அதை மவுண்டன் ஆஷ் என்கிறார்கள். நான் ரெக்னன்ஸ் என்றே எழுதுகிறேன்.

ரெட்வுட்களில் மிக உயரமான 'ஹைபீரியன்' 2006இல் கிறிஸ் ஆட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் இருவர் கண்ணில் பட்டது. ஸ்டீவன் சிலெட் குழுவினர் உச்சிவரை ஏறி, அளவுநாடாவைத் தரைவரை தொங்கவிட்டு அளந்தார்கள்: 115.55 மீட்டர். ரெக்னன்ஸில் முதலிடம் டாஸ்மேனியாவின் 'சென்சூரியன்'. விமானத்திலிருந்து லேசர் கதிரை வீசி அளக்கும் லைடார் முறையில் 2008இல் அகப்பட்டது. அப்போது 99.6 மீட்டர், பிந்தைய அளவீட்டில் 100.5.

ஆக, 15 மீட்டர் வித்தியாசம். ஐந்து மாடி உயரம் என்றாலும் இந்த அளவில் அது பெரிய இடைவெளியாக எனக்குத் தோன்றவில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டு மரங்களுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் 30 கோடி ஆண்டுகளுக்கும் பின்னே போக வேண்டும். அவ்வளவு காலமாகத் தனித்தனி வழியில் வந்த இரண்டு வம்சங்கள், நூறு மீட்டர் என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

"மேம்பட்டவை" என்பதை நான் ஏற்கவில்லை. இன்று நிற்கும் ரெட்வுட்டும் இன்று நிற்கும் ரெக்னன்ஸும் ஒரே அளவு காலம் பரிணாமத்தில் கழித்தவைதான். கூம்புமரங்களின் புதைபடிவங்கள் பழையவை. அதனால் இன்றைய கூம்புமரம் பழைய பதிப்பு ஆகிவிடாது.

ஜூன் 3

சைலக் குழாய் பற்றிய கேள்விக்குத் தனியாகவே எழுத வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் மரக்கட்டையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. கூம்புமரத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தால் ஒரே அளவிலான சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசை பிசகாமல் நிற்கும். எல்லாம் டிரக்கீடுகள், அதாவது கூம்புமரத்தில் தண்ணீரைக் கடத்தும் குறுகிய செல்கள். யூகலிப்டஸ் துண்டிலோ, நுண்ணிய நார்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள். அவைதான் சைலக் குழாய்கள். முதல்முறை பார்க்கும் யாரும் இரண்டாவதுதான் தண்ணீரை நன்றாகக் கடத்தும் என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன், கணக்கும் அதையே சொல்கிறது: குழாயின் ஆரம் இரு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும்.

ஆனால் தண்ணீர் ஒரே குழாயில் வேரிலிருந்து உச்சிவரை போவதில்லை. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பக்கச்சுவரில் இருக்கும் நுண்குழிகள் வழியாகத் தாவிக்கொண்டே போக வேண்டும். டிரக்கீடு சில மில்லிமீட்டர் நீளம்தான். நூறு மீட்டர் ஏற எத்தனை ஆயிரம் சுவர்களைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கூம்புமரம் இந்த இடத்தில்தான் தோற்றிருக்க வேண்டும்.

அது தோற்காததற்குக் காரணம் அந்தக் குழியின் அமைப்பு. கூம்புமரத்தின் குழிச்சவ்வில் நடுவே தடித்த வட்டு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் டோரஸ். அதைச் சுற்றிலும் இழைகளால் ஆன, இடைவெளி அகன்ற வலை. தண்ணீர் அந்த வலை வழியே தாராளமாகப் பாய்கிறது. பக்கத்துச் செல்லில் காற்று புகுந்துவிட்டால், வட்டு நகர்ந்து துவாரத்தில் பதிந்து அடைத்துக்கொள்ளும். சைக்கிள் டியூபின் வால்வு காற்றைத் திரும்ப விடாமல் தடுப்பது போல. பூக்கும் தாவரங்களின் குழிச்சவ்வில் பெரும்பாலும் இந்த வட்டு கிடையாது. மிக நெருக்கமான செல்லுலோஸ் பின்னல்தான். காற்றைத் தடுக்க அது போதும், ஆனால் தண்ணீரையும் இழுத்துப் பிடிக்கிறது. 2005இல் ஜார்மிலா பிட்டர்மன் குழுவினர் இதை அளந்து பார்த்தபோது, கூம்புமரக் குழிகள் தண்ணீருக்குக் காட்டும் தடை பூக்கும் தாவரங்களுடையதைவிடக் கிட்டத்தட்ட 60 மடங்கு குறைவு என்று தெரிந்தது. குழாய் குறுகல், ஆனால் கதவு அகலம்.

பாடநூல் அட்டவணையில் "கூம்புமரம்: சைலக் குழாய் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் டோரஸைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அது பாதி உண்மைதான்.

ஜூன் 4

"அவ்வளவு உயரத்துக்கு எந்தப் பம்பு ஏற்றுகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பம்பு இல்லை. இலையில் நீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுவிசை பிறக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே தண்டாக மேலே வருகின்றன. ரெட்வுட்டிலும் ரெக்னன்ஸிலும் இதே இயக்கம்தான்.

ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு இழுவிசை, புவியீர்ப்பைச் சமாளிப்பதற்கே செலவாகிறது. ஹைபீரியன் உச்சியில் அது மட்டுமே பதினொரு வளிமண்டலத்துக்கு மேல். உராய்வுக்கான இழப்பு தனி. இழுவிசை அதிகமானால் நீர்த்தண்டு அறுந்து காற்றுக்குமிழி உண்டாகும் ஆபத்து. ஜார்ஜ் கோக், சிலெட் உள்ளிட்டோர் 2004இல் ரெட்வுட் உச்சிகளில் ஏறி அளந்துவிட்டுச் சொன்ன மேல்வரம்பு 122 முதல் 130 மீட்டர். அதற்கு மேல் இலை விரிவதற்கு வேண்டிய நீரழுத்தமும் கிடைக்காது, ஒளிச்சேர்க்கையும் கட்டுப்படியாகாது.

ஜூன் 4, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதை இலையை வைத்தே காட்டலாம். ரெட்வுட்டின் கீழ்க்கிளை இலைகள் தட்டையாக, இரு பக்கமும் விரிந்து இருக்கும். உச்சி இலைகள் செதில் போலச் சிறுத்து, தண்டோடு ஒட்டிக்கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மரத்தின் இலைகள் என்று நம்ப முடியாது. நீரழுத்தம் குறைந்த இடத்தில் விரிய முடியாமல் நின்ற இலை அது.

ஜூன் 7

இனி பூவுக்கு வருகிறேன். இரண்டையும் பிரிக்கும் கோடு அங்கேதானே இருக்கிறது.

ராபர்ட் பிரவுன் 1820களிலேயே கவனித்துச் சொன்ன வேறுபாடு இது: கூம்புமரத்தின் சூல் திறந்து கிடக்கிறது, பூக்கும் தாவரத்தின் சூல் சூலகத்துக்குள் மூடியிருக்கிறது. ரெட்வுட்டில் மகரந்தத் துகள் நேராகச் சூலின் வாயிலிலேயே வந்து இறங்கும். ரெக்னன்ஸில் அது சூல்முடியில் விழுந்து, முளைத்து, சூல்தண்டின் வழியாகக் குழாயை நீட்டி உள்ளே போக வேண்டும். அந்தப் பயணத்தில் வேண்டாத மகரந்தத்தைத் தாய்மரம் நிராகரிக்கவும் முடியும்.

ரெட்வுட் முழுக்கக் காற்றை நம்புகிறது. குளிர்கால மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே மகரந்தத்தை வீசுகிறது. அந்த ஈரத்தில் எவ்வளவு பறக்கும்? நெடுநாள் மழை பெய்தால் அந்த ஆண்டு விதைகளில் நிறையப் பதராகிவிடும். கூம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். உலகின் மிக உயரமான மரத்தின் கூம்பு உள்ளங்கையில் உருளும் அளவு என்பதை நான் பலருக்குச் சொல்லியும் கையில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

ரெக்னன்ஸ் பூவில் இதழ்களைத் தேடினால் கிடைக்காது. அவை ஒன்றிணைந்து மொட்டின் மேல் ஒரு தொப்பியாகிவிட்டன. மொட்டு விரியும்போது தொப்பி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த வெள்ளை மகரந்தத்தாள்கள் சிலிர்த்து நிற்கும். வண்ணம் காட்டும் வேலையை அவையே செய்கின்றன. தேன் உண்டு, பூச்சிகள் வருகின்றன.

இரட்டைக் கருவுறுதலையும் சொல்ல வேண்டும். 1898இல் செர்கேய் நவாஷின் கண்டறிந்தது. மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்கிறது, மற்றொன்று மைய செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவை உண்டாக்குகிறது. கூம்புமர விதையின் உணவோ, கருவுறுதலுக்கு முன்பே உருவான பெண் கேமீட்டோஃபைட் (சூலுக்குள் முட்டையைத் தாங்கும் திசு) என்பதிலிருந்து வருவது. அது முழுக்கத் தாய்வழிச் சொத்து. இவ்வளவு பேசப்படும் கருவூண் திசு ரெக்னன்ஸின் முதிர்ந்த விதையில் இருக்காது. வளரும் கரு அதை முன்னதாகவே தின்று தீர்த்துவிடும். விதையை வெட்டி அட்டவணையைச் சரிபார்க்க நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்த வேறுபாடு ஒன்று உண்டு. ரெக்னன்ஸ் உட்படப் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு) தாய்வழியே பிள்ளைக்கு வருகிறது. கூம்புமரங்களில் பொதுவாக அது தந்தைவழி. ரெட்வுட்டில் பசுங்கணிகத்தோடு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தந்தைவழிதான் என்று 1989இல் காட்டினார்கள். நமக்கெல்லாம் மைட்டோகாண்ட்ரியா தாயின் கொடை. ரெட்வுட் நாற்றுக்கோ அது எங்கோ தொலைவிலிருந்து காற்றில் வந்த மகரந்தத் துகளின் கொடை. பூ உண்டா இல்லையா என்பதைவிட ஆழமான வேறுபாடாக எனக்கு இது படுகிறது.

ஜூன் 8

"அப்படியானால் சவுக்கு எந்தப் பக்கம்? ஊசி இலையும் சிறு கூம்பும் இருக்கின்றனவே?"

பூக்கும் தாவரம். ஊசி போல் தெரிவது இலையே அல்ல. பச்சைநிறச் சிறு கிளை. அதைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் மிகச் சிறிய செதில்கள்தான் இலைகள். 'கூம்பு' என்பது பல பூக்களிலிருந்து உருவான கனித்தொகுதி. கட்டையை வெட்டிப் பார்த்தால் சைலக் குழாய்கள் கண்ணெதிரே நிற்கும். தோற்றத்தை வைத்துக் கூட்டம் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல மரம் கிடைக்காது.

ஜூன் 12

இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததே நெருப்பைப் பற்றிச் சொல்லத்தான். மற்றவற்றைப் பாடநூலில் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு காடுகளிலும் நடந்திருக்கிறேன். ரெட்வுட் காட்டில் பகலிலும் இருள், காலடியில் பஞ்சுபோல் சருகு, பன்னங்கள். அடிமரத்தில் கை வைத்தால் நார் நாராகப் பட்டை. முதிர்ந்த மரத்தில் அதன் தடிமன் 30 சென்டிமீட்டர் வரை போகும். டானின் நிறைந்த பட்டை. பைன் கட்டையில் வழிவது போன்ற பிசின் இதில் இல்லை. பல மரங்களின் அடியில் ஆள் நுழையும் அளவுக்குக் கருகிய குகைகள். அந்தக் குகைக்கு மேலே மரம் பச்சையாக நிற்கிறது. பழைய தீ ஒன்றைத் தாங்கிய வடு அது.

ரெக்னன்ஸ் காட்டில் வெளிச்சம் அதிகம். இலைகள் தொங்குவதால் ஒளி இடையே இறங்குகிறது, கீழே மரப்பன்னங்கள் செழித்துக் கிடக்கின்றன. அடிப்பாகத்தில் மட்டும் சொரசொரப்பான பட்டை. மேலே வழவழப்பான வெள்ளைத் தண்டு, அதிலிருந்து நீள நீளமான பட்டை நாடாக்கள் உரிந்து தொங்கும். தீப்பிடித்தால் அந்த நாடாக்கள்தான் நெருப்பை உச்சிக்கு ஏற்றுகின்றன, எரிந்தபடியே பறந்துபோய்த் தொலைவிலும் தீ மூட்டுகின்றன. மரம் தானே திரியைத் தொங்கவிட்டிருக்கிறது.

கடுந்தீ வந்தால் ரெக்னன்ஸ் செத்துப்போகும். வேர்க்கட்டையிலிருந்து துளிர்க்க அதற்குக் கிழங்கு போன்ற அடிவீக்கம் கிடையாது. தண்டிலிருந்து தளிர் விடுவதும் அரிது. ஆனால் உச்சியில், மரக்கட்டை போல் இறுகிய சிறு கனிகளுக்குள் விதைகள் காத்திருக்கும். தீ ஓய்ந்த பிறகு அந்தக் கனிகள் உலர்ந்து திறந்து, சாம்பல் படிந்த வெற்று மண்ணில் விதைகளைக் கொட்டும். நிழல் இல்லை, போட்டி இல்லை, சத்து ஏராளம். ஒரு ஹெக்டேரில் லட்சக்கணக்கில் நாற்றுகள் எழுந்து, ஒன்றையொன்று நெருக்கி, பெரும்பாலானவை மடிந்து, எஞ்சியவை வெறிகொண்டாற்போல் வளரும். இளமையில் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல். அதனால்தான் பல ரெக்னன்ஸ் காடுகளில் எல்லா மரங்களும் ஒரே வயது. விக்டோரியாவில் 1939 ஜனவரி 13 அன்று எழுந்த பெருந்தீக்குப் பின் முளைத்த காடுகள் இப்போதும் '1939இன் காடு' என்றே பேசப்படுகின்றன. அந்தத் தீயில் 71 பேர் இறந்தார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று மறுபடியும் தீ; 173 உயிர்கள். விக்டோரியாவின் மிக உயரமான ரெக்னன்ஸ் தோப்பு இருந்த வாலபி கிரீக் பகுதியும் அன்று எரிந்தது.

ரெட்வுட் இதற்கு நேரெதிர். 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவான பிக் பேசினில் 97 சதவீதப் பரப்பை எரித்தது. உச்சிவரை இலைகள் கருகி, மரங்கள் கரித்தூண்களாக நின்றன. சில மாதங்களில் அந்தக் கரித்தண்டிலிருந்தே பச்சைத் தளிர்கள், அடியிலிருந்து மேல்வரை, உரோமம் முளைத்தது போல வெளிவந்தன. 2023இல் வெளியான ஆய்வொன்று அந்தத் தளிர்களின் கார்பனை ஆராய்ந்தது. இலை முழுவதும் போன நிலையில், பல பத்தாண்டுகளுக்கு முன் சேமித்த சர்க்கரையை எடுத்து மரம் தளிர்களுக்குக் கொடுத்திருக்கிறது. தளிர் விட்ட மொட்டுகளோ பட்டைக்கு அடியில் பல நூற்றாண்டுகள் உறங்கியவை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறெந்த உயிரும் இப்படி நெடுங்காலம் திட்டமிட்டாற்போல் வாழ்வதை நான் அறியேன்.

ரெக்னன்ஸ் விதையை நம்புகிறது, ரெட்வுட் உடலை நம்புகிறது. 2,200 ஆண்டுகளைத் தாண்டிய ரெட்வுட்கள் இருந்திருக்கின்றன. ரெக்னன்ஸ் நானூறு ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தால் அதுவே மூப்பு.

ஜூன் 13

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்ததும் ஒன்று உறுத்தியது. "பூமரம் விதையை நம்புகிறது, கூம்புமரம் உடலை நம்புகிறது" என்று யாராவது இதைக் கூட்டத்தின் இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடும். உண்மை அதற்குத் தலைகீழ்.

யூகலிப்டஸ் இனங்களில் பெரும்பாலானவை தீக்குப் பின் துளிர்ப்பவை. அதே விக்டோரியக் காடுகளில் வளரும் யூகலிப்டஸ் ஒப்ளிக்குவா எரிந்த தண்டிலிருந்தே தழைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் ரெக்னன்ஸ் விதிவிலக்குகளில் ஒன்று. கூம்புமரங்களில் பெரும்பாலானவை துளிர்க்கத் தெரியாதவை. லாட்ஜ்போல் பைன் போன்றவை மூடிய கூம்புகளில் விதையைத் தேக்கிவைத்து, தீ வந்ததும் கொட்டுகின்றன. அதைத்தான் ரெக்னன்ஸும் செய்கிறது! ஆக, இங்கே பூமரம் ஒரு பைனைப் போலவும், கூம்புமரம் ஒரு யூகலிப்டஸைப் போலவும் நடந்துகொள்கின்றன.

மரத்தின் கூட்டம் எது என்று தெரிந்தால் அதன் சைலத்தைச் சொல்லிவிடலாம், சூலைச் சொல்லிவிடலாம், பசுங்கணிகம் யார்வழி என்று ஊகிக்கலாம். தீயில் அது என்ன செய்யும், எவ்வளவு வாழும், எவ்வளவு உயரும் என்பதைச் சொல்ல முடியாது. அதற்கு இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது நிற்கும் மண்ணையும் மழையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வுக்காக "ஆஞ்சியோஸ்பெர்ம், ஜிம்னோஸ்பெர்ம் வேறுபாடுகள்" (அதாவது பூக்கும் தாவரங்களும், கூம்புமரங்கள் அடங்கிய திறந்த சூல் தாவரங்களும்) மனப்பாடம் செய்தவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்.

ஜூன் 14

ஒரு வாசகர்: "வில்லியம் பாண்ட் 1989இல் சொன்ன ஆமை, முயல் வாதம் இங்கே பொருந்துமா?"

சூழலியலாளர் பாண்டின் வாதம் நாற்றுப் பருவத்தைப் பற்றியது. கூம்புமர நாற்று மெதுவாக வளரும், அதனால் வளமான இடங்களில் பூக்கும் தாவர நாற்றுகளிடம் இடத்தை இழந்து, குளிரும் வறட்சியும் ஏழை மண்ணும் உள்ள ஓரங்களுக்கு ஒதுங்கியது என்பது சாரம். விதையிலிருந்து வரும் ரெட்வுட் நாற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் வெட்டிய அடிமரத்திலிருந்து வரும் ரெட்வுட் துளிருக்குப் பழைய மரத்தின் வேர்த்தொகுதி முழுவதும் சொந்தம். அது ஆமையும் இல்லை, நாற்றும் இல்லை. ரெட்வுட் வளமான ஆற்றுப்படுகையில் ஆட்சி செய்வதற்கு இது பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

துளிரைப் பற்றிப் பேசுகையில் ஒன்று: ரெட்வுட் காட்டில் எப்போதாவது வெள்ளை வெளேரென்ற துளிர்கள் தென்படும். பச்சையமே இல்லை. தாய்மரத்தின் வேரோடு ஒட்டியிருப்பதால் அதன் உணவை உண்டு வாழ்கின்றன. விதையிலிருந்து அப்படி ஒரு நாற்று வந்தால் சில நாளில் செத்துவிடும்.

ஜூன் 19

குரோமோசோம் எண்ணிக்கை கேட்டவருக்கு: ரெக்னன்ஸ் 22, ரெட்வுட் 66. இரண்டுக்கும் அடிப்படை எண் 11. இந்த ஒற்றுமையில் உறவு எதுவும் இல்லை, தற்செயல். ரெக்னன்ஸில் இரண்டு தொகுதி, ரெட்வுட்டில் ஆறு தொகுதி. அதாவது ரெட்வுட் ஒரு ஆறுமடியம். ஆறு தொகுதிகள் கொண்ட கூம்புமரம் இது ஒன்றுதான் தெரியும். அதன் நெருங்கிய உறவுகளான ஜெயன்ட் செக்கோயாவிலும் மெட்டாசெக்கோயாவிலும் 22தான்.

மரபணுத்தொகுதி அளவில் இடைவெளி இன்னும் பெரிது. ரெட்வுட்டினது ஏறத்தாழ 2,650 கோடி டிஎன்ஏ எழுத்துகள்; மனிதனுடையதைப்போல் ஒன்பது மடங்குக்கு அருகில். 2014இல் வாசிக்கப்பட்ட யூகலிப்டஸ் கிராண்டிஸ் வெறும் 64 கோடி. கூம்புமரங்களில் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகள் மண்டிக் கிடப்பதே இதற்குக் காரணம். எழுத்து கூடியதால் உயரமும் கூடியது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

ஜூன் 20

ஜெயன்ட் செக்கோயாவையும் ரெட்வுட்டையும் ஒன்றாக்கி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வேறு மரம், வேறு பேரினம். சியரா நெவாடா மலைச்சரிவில் நிற்பது அது. 'ஜெனரல் ஷெர்மன்' அந்த இனம், உயரம் 83.8 மீட்டர்தான். ஆனால் தண்டின் கன அளவில் உலகில் முதலிடம், சுமார் 1,487 கன மீட்டர்.

ஜூன் 21

"பழைய காலத்தில் யூகலிப்டஸ்தான் உயரம் என்று படித்தேனே?"

படித்திருக்கலாம். 1872இல் வில்லியம் ஃபெர்குசன் என்ற அதிகாரி, விக்டோரியாவின் வாட்ஸ் ஆற்றுப் பகுதியில் விழுந்து கிடந்த ரெக்னன்ஸ் ஒன்றை 435 அடி என்று குறித்தார், அதாவது 132 மீட்டருக்கும் மேல். அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். மேலே சொன்ன 130 மீட்டர் வரம்பையே அது தாண்டுகிறது. தோர்ப்டேலில் ஜார்ஜ் கார்ன்த்வெயிட் என்ற நில அளவையாளர் 1880களின் தொடக்கத்தில் அளந்த 375 அடி மரம் வேறு ரகம். வெட்டி வீழ்த்திய பிறகு தரையில் கிடத்தி அளந்தது, 114.3 மீட்டர். அளந்தவர் தொழில்முறை அளவையாளர். அதை நம்பினால், ஹைபீரியனுக்கு ஒன்றரை மீட்டர் கூடக் குறைவில்லாத பூமரம் ஒன்று மனிதர் கண்முன் நின்றிருக்கிறது, அவர்களே வெட்டியும் விட்டார்கள்.

ஆக, "ஏன் கூம்புமரம் உயரம்?" என்ற முதல் கேள்விக்கு ஒரு பகுதி விடை கோடரியில் இருக்கிறது. இன்றைய பட்டியல் இயற்கையின் வரம்பைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மிச்சம் வைத்தவற்றின் பட்டியல் அது. ரெட்வுட்டிலும் அதே கதை. 1850களுக்குப் பின் வெட்டத் தொடங்கியதில் முதுகாடு, அதாவது கோடரி படாத பழைய காடு, 5 சதவீதம் அளவுக்கே எஞ்சியது. வெட்டுண்டவற்றில் ஹைபீரியனைவிட உயர்ந்தது இருந்திருக்காது என்று யாரால் உறுதி கூற முடியும்?

ஜூன் 28

கார்பன். 2009இல் கீத், மக்கி, லிண்டன்மயர் மூவரும் விக்டோரியாவின் ரெக்னன்ஸ் காட்டில் ஹெக்டேருக்கு 1,867 டன் கார்பன் இருப்பதாக வெளியிட்டபோது, அதுவே உலகில் அதிகம் என்றார்கள். பிறகு 2016இல் ராபர்ட் வான் பெல்ட் குழுவினர் முதுரெட்வுட் காடு ஒன்றில் 2,600 டன் என்றார்கள். வைரக்கட்டை எளிதில் மக்காது, மரம் சாவதும் அரிது; அதனால் ரெட்வுட் காட்டில் கார்பன் குவிந்துகொண்டே போகிறது.

ரெக்னன்ஸ் காட்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலை, தீக்கும் தீக்கும் இடைப்பட்ட காலம். நாற்று விதை கொடுக்கும் பருவத்துக்கு வர 15 முதல் 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இரண்டாவது தீ வந்துவிட்டால் உச்சியில் விதைச் சேமிப்பு இராது. காடு ரெக்னன்ஸ் காடாகத் திரும்பாது, அகேசியாப் புதராகிவிடும். முதிர்ந்த மரத்தின் பொந்துகளும் போய்விடும். நூறு நூற்றைம்பது ஆண்டுகள் ஆகாமல் இம்மரத்தில் தக்க பொந்து விழுவதில்லை. விக்டோரியாவின் மாநில விலங்கான லெட்பீட்டர்ஸ் பாசம் (possum) என்ற சிறு மரவாழ் பாலூட்டி அந்தப் பொந்தில்தான் குடியிருக்கிறது. அற்றுப்போய்விட்டதாக நினைத்த அந்த விலங்கை 1961இல் மறுபடி கண்டார்கள். விக்டோரியா அரசு தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. மிகத் தாமதம், ஆனாலும் எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஜூலை 6

ஜூன் 4 அன்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். தண்ணீர் முழுவதும் வேரிலிருந்துதான் ஏற வேண்டும் என்ற தொனி அங்கே வந்துவிட்டது. ரெட்வுட் இலை வழியாகவும் நீர் குடிக்கிறது. கோடையில் மழையே இல்லாத கடலோரத்தில் பசிபிக்கின் மூடுபனிதான் துணை. டாட் டாசன் 1998இல் கணக்கிட்டபடி அக்காட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து சொட்டுவது. 2022இல் அலானா சின் குழுவினர், ரெட்வுட்டில் இரண்டு வகைத் தளிர்க்கொம்புகள் இருப்பதைக் காட்டினார்கள்: ஒன்று பெரும்பாலும் உணவு தயாரிக்க, மற்றொன்று முக்கியமாக நீரை உறிஞ்ச. உச்சியில் நனைந்த இலை அங்கேயே நீரை எடுத்துக்கொண்டால், அந்த நீருக்கு நூறு மீட்டர் ஏறும் செலவு இல்லை. உயரத்துக்கான விடையைச் சைலத்துக்குள் மட்டும் தேடுவது போதாது.

ஜூலை 15

பட்டியல் தயாரிக்கும் மாணவருக்கு. உயரமான பூமரம் என்ற இடத்தில் சென்சூரியனை மட்டும் எழுதிவிடாதீர்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில், டானம் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்ற மஞ்சள் மெராந்தி மரத்தை 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி ஏறி அளந்தார், 100.8 மீட்டர். சென்சூரியனைவிட 30 சென்டிமீட்டர் கூடுதல். 2019இன் தொடக்கத்தில் டாஸ்மேனியத் தீயில் சென்சூரியனின் அடிமரம் கருகியது, ஆனால் பிழைத்துக்கொண்டது. கூம்புமரங்களில் இரண்டாம் இடத்துக்குத் திபெத்தின் யார்லுங் சாங்போ பள்ளத்தாக்கில் 2023இல் கண்ட சைப்ரஸ், 102.3 மீட்டர். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அளந்த ஆண்டையும், ஏறி நாடாவால் அளந்ததா லேசரால் அளந்ததா என்பதையும் குறித்துவிடுங்கள்.